தர்ம அடி

"ஏம்மா, நீ ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் மயிலாப்பூரில் இல்லை. போலீஸ்காரர் கேட்டார், டாக்டர் கேட்டார், பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், உள்ளே வராமல் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் கேட்டார்கள். வாய் கிழியப் பேசுகிறவளுக்கு அன்றைக்கு மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். இப்போதும் யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேல் தப்பில்லை. அவர் மேலும் தப்பில்லை. நாங்கள் வளர்ந்த ஊரில் சத்தம் போட்டவன்தான் செத்தான்.

நாங்கள் ரங்கூன்காரர்கள். நானும் என் வீட்டுக்காரரும் பிறந்தது அங்கே, கல்யாணம் செய்துகொண்டது அங்கே. துறைமுகத்தில் தெலுங்குக் கூலிக்காரர்களுக்கும் பர்மாக்காரர்களுக்கும் சண்டை மூண்டு தெருவில் ஆள் நடக்க முடியாமல் போன வருஷம், கப்பலேறிப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தோம். "அப்பாடா, சொந்த நாட்டுக்கு வந்துட்டீங்க" என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். எது சொந்த நாடு? எனக்கு இந்த ஊரில் ஒரு தெரு தெரியாது, ஒரு முகம் தெரியாது. கடல் தாண்டி வந்த இதுதான் எனக்குப் பரதேசம். என் அப்பா அம்மா அந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாதி பார்க்காமல் என்னைக் கட்டினதற்காக அவர் வீட்டார் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். ஆக, இந்தப் பட்டணத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளை விட்டால் என் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட நாதி கிடையாது. கப்பலில் வரும்போதே இது எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் வேலைக்குப் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டிருப்பேன்.

ரங்கூனில் நாங்கள் இருந்த பேட்டையில் திருடர்கள் ஒற்றையாக வரமாட்டார்கள். நாலைந்து பேராக வருவார்கள், ஆளுக்கு ஒரு நீள அரிவாள் இருக்கும். கேட்டதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுச் செட்டியார் ஒரு தரம் "திருடன், திருடன்" என்று கத்தினார். தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. விடிந்ததும் அவரைப் பாயில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து எங்கள் பேட்டையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். யாராவது மேலே கை வைத்தால் முதலில் உன் வாயைப் பொத்து. நானும் அவரும் அப்படி வளர்ந்தவர்கள். ஊறின பழக்கம் கப்பலில் ஏறி இறங்கினால் போய்விடுமா?

இங்கே மந்தைவெளிப் பக்கம் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். ஸ்டோர் என்றால் கடையில்லை. வரிசையாக ஒற்றை அறைகள், நடுவில் முற்றம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அடுத்த போர்ஷனில் ஓர் அக்காவும் அவள் புருஷனும் இருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. அந்த அண்ணன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். விரலெல்லாம் மை. மனுஷர் தங்கம். நாங்கள் வந்திறங்கின அன்றைக்கே விறகு வாங்கிப் போட்டு அடுப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அக்கா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைப் பார்த்த உடனே அவள் கண் போன இடம் என் கழுத்து.

"இன்னாம்மா இது, தாலிச் சங்கிலிய இப்டி வெளிய தொங்க வுட்டுக்கினு நிக்கிற? தேரடிப் பக்கம் இப்டிப் போனேன்னு வெச்சுக்கோ, உனக்கே தெரியாம அறுத்துக்கினு பூடுவானுங்க."

அப்புறம் தினமும் எனக்குப் பாடம்தான். கடைக்குப் போனால் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொள். சந்தில் போகாதே, சுற்றிக்கொண்டு போனாலும் மாட வீதி வழியாகவே போ. தண்ணி கேட்டு வருகிறவனுக்கு வாசலிலேயே கொடு, சொம்பை எடுக்க உள்ளே திரும்பாதே. உங்க ஊர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு எவனாவது வந்தால் அவன் எந்த ஊர்க்காரனும் இல்லை. நகைக்கு மெருகு போடுகிறேன் என்பவனைத் துடைப்பத்தாலேயே அனுப்பு. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து ரோடு போட்டிருக்கிறார்களே, அங்கே விளக்கு வைத்தபின் கால் வைக்காதே. அழுகிற பொம்பளையை நம்பாதே, இந்த ஊர்த் திருடர்கள் கூடவே ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், மாட்டிக்கொண்டால் அவள் வந்து மாரடித்து அழுது மீட்டுக்கொண்டு போய்விடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. "எவனாச்சும் மேல கை வெச்சா வாயத் தொறந்து கத்து. மத்தத தெரு பாத்துக்கும்."

இந்த இடத்தில் அண்ணனும் சேர்ந்துகொள்வார். கிணற்றடியில் கையிலிருக்கிற மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொல்லுவார். எந்தத் தெருவில் எவன் பிடிபட்டான், எத்தனை பேர் கூடினார்கள், எப்படித் தோலை உரித்தார்கள் என்று ஒரு கதை. "இன்னார் இனியார்னு கிடையாது. போறவன் வர்றவன் எல்லாம் ஆளுக்கு ஒண்ணு போடுவான். அதுக்குப் பேரே தர்ம அடி!" சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். நாங்களும் சிரிப்போம்.

பொய் சொல்லுவானேன், அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வந்தது. கூப்பிட்டால் ஒரு கதவு திறக்காத ஊரிலிருந்து வந்தவள் நான். கத்தினால் தெருவே ஓடி வருகிற ஊர் என்றால் அது எவ்வளவு பெரிய பாக்கியம்! என் வீட்டுக்காரரும் உள்ளே வந்து, "நல்ல ஊருதான் புள்ள. கேட்பாரு இருக்காங்க" என்றார்.

ஆனால் மனசுக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரிய வேண்டாமா? ஒரு நாள் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தோம். பாதி கட்டின பங்களாக்கள், செம்மண் ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. ஒருவன் பின்னாலேயே வந்தான். நாங்கள் நின்றால் நின்றான். கத்தினோமா? இல்லை. ரங்கூனில் செய்த மாதிரியே இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நடு ரோட்டில் சேர்ந்து நடந்தோம். வீடுகள் தெரிகிற இடம் வந்ததும் அவன் போய்விட்டான். "பார்த்தியா, வாயைத் திறக்கலே, தப்பிச்சோம்" என்றார் அவர். அக்காவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு அவர் கைலி கட்டுவதும் பிடிக்காது. கால்வாய் ஓரத்து மரவாடி ஒன்றில் அவருக்கு வேலை. ரங்கூன் தேக்கு வந்திறங்கினால் தட்டிப் பார்த்து ரகம் பிரிப்பார். கட்டம் போட்ட கைலியைத் தூக்கிக் கட்டி, மேலே ஒரு குட்டைச் சட்டை, ஒட்ட வெட்டின தலை. பர்மாவில் எல்லா ஆம்பிளையும் அப்படித்தான். போலீஸில் பேர் ஏறின திருடனை இங்கே கேடி என்பார்கள். "உன் வூட்டுக்காரர் நல்ல மனுசன்தான், ஆனா பாக்கறதுக்குக் கேடி மாரி கீறாரு. வேட்டி கட்டச் சொல்லேன்" என்பாள் அக்கா. நான் சொன்னால் அவர் சிரிப்பார். "கைலி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? மரம் தூக்குறவனுக்கு மல்லு வேட்டி எதுக்கு?"

பங்குனி வந்தது. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம் என்றால் ஊர் கொள்ளாது. நாயன்மார்கள் அத்தனை பேரையும் பல்லக்குகளில் ஏற்றி மாட வீதியைச் சுற்றி வருவார்கள். தெருவெல்லாம் மோர்ப் பந்தல், பானகப் பந்தல், கும்பிடு போட்டு விசிறி தானம் கொடுக்கிறவர்கள். அக்கா அன்றைக்கு வீட்டுக்குத் தூரம், வரவில்லை. அண்ணன் அச்சுக்கூடத்து ஆட்களோடு முன்னாடியே போய்விட்டார். மரவாடியில் அரை நாள் விட்டார்கள். குளத்துக்குத் தெற்கே ஒரு மோர்ப் பந்தலில் நான் நிற்பேன், அவர் நேரே அங்கே வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

வந்தார், அதே கைலியோடு. தலையில் மரத்தூள்.

"திருநாளும் அதுவுமா ஒரு வேட்டி கட்டிக்கிட்டு வரக் கூடாதா?" என்றேன்.

"சாமிதானே பல்லக்குல வருது? நானா வர்றேன்? என்னை யார் பார்க்கப் போறா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அதுதான் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

நாதஸ்வரமும் மேளமும் காதை அடைத்தன. பல்லக்கு கிட்டே வந்ததும் கூட்டம் ஒரே நெரிசல். அக்கா சொன்னபடி இரண்டு தோளையும் மூடித்தான் நின்றேன். ஆனால் சாமி எதிரே வரும்போது கையைத் தூக்கித் தலைக்கு மேலே குவிக்காமல் எவள் நிற்பாள்? கையைத் தூக்கினேன். முந்தானை சரிந்தது. பின்கழுத்தில் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தது. கையைக் கொண்டுபோய்த் தடவினால் கழுத்தில் ஒன்றும் இல்லை.

அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார். எனக்குப் பின்னாலிருந்து நழுவின ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எது போயிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார், அப்படிப்பட்டவர்தான். போனது அவர் கட்டின தாலி. பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. கைலியை இறுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, தானாகப் போயிற்று கை. அப்படியே அவர் பின்னால் இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு புருஷன் சத்தமில்லாமல் ஓடுகிறான், ஒரு பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறாள். பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்?

வீதி திரும்புகிற முனையில் அவனை எட்டிப் பிடித்தாராம். இது அவர் ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னது. அவன் கைலி கட்டின ரவுடி இல்லை. வெள்ளை வேட்டி, சரிகை அங்கவஸ்திரம், நெற்றி நிறைய விபூதி, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுமாம். இருவரும் இழுத்ததில் சங்கிலி அறுந்து அவன் கையில் நின்றது, தாலி மட்டும் இவர் கைக்கு வந்தது. இவர் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அந்த நேரம் அவன் கத்தினான்.

"ஐயோ! திருடன்! என் சம்சாரம் தாலியை அறுத்துட்டான், விடாதீங்கோ!"

அவ்வளவுதான். இந்த ஊரில் முதலில் கத்துகிறவன்தான் யோக்கியன். அது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

நான் போய்ச் சேரும்போது எனக்குத் தெரிந்தது முதுகுகள்தான். நூறு முதுகுகள், எல்லாம் குனிந்து குனிந்து நிமிர்ந்தன. மேளத்துக்கு நடுவிலும் அந்த அடியின் சத்தம் கேட்டது. எட்டாதவன் எக்கி அடித்தான். பானகம் குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒன்று போட்டுவிட்டுப் போய் மறுபடி டம்ளரை எடுத்துக்கொண்டான். என் கண்ணால் பார்த்தேன். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. கால்களுக்கு நடுவில் கட்டம் போட்ட கைலி தெரிந்தது.

அப்போது கத்தினேன். கத்தவில்லை என்கிறார்களே, கத்தினேன்! தொண்டை கிழியக் கத்தினேன்.

"என் புருஷன்! அய்யா விடுங்கய்யா, அது என் புருஷன்!"

ஒருவன் திரும்பிப் பார்த்து, "எது, இந்தக் கேடியா?" என்றான். பக்கத்தில் நின்ற ஒரு மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆம்படையான்ங்கறா, கழுத்துல ஒரு கயிறுகூடக் காணோமேடி!" என்றாள். "அதைத்தான் அறுத்துட்டான், அவர் கையிலே இருக்கிறதுதான் என் தாலி" என்றேன். அது போதாதா? "பாத்தியா, பொருள் எங்க இருக்குன்னு இவளுக்குத் தெரியுது பாரு! இவளும் அந்தக் கூட்டம்தான். பொம்பளைய அனுப்பி அழ வெப்பானுங்க" என்று ஒருவன் என் தலைமயிரைப் பிடித்து நிறுத்தினான். அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம். ஊருக்கே அந்தப் பாடம் மனப்பாடமாக இருந்தது.

உள்ளே அவர் விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள். அவர் கையைத் திறக்கவில்லை. ஒருவன் செருப்புக் காலோடு அந்தக் கைமேல் ஏறி நின்றான். அய்யோ, என் சாமி, அதைக் கொடுத்துத் தொலையேன் என்று நான் அலறினேன். எனக்கு அந்தத் தாலி வேண்டாம், ஆள் வேண்டும்.

பந்தல் ஓரத்தில் கூடை வைத்திருந்த ஒரு பூக்காரி எழுந்து வந்தாள். அவள்தான் என் பின்கழுத்தைப் பார்த்தாள்.

"யோவ், நிறுத்துங்கய்யா! இந்தம்மா கழுத்துல ரத்தம் ஒழுகிக்கினு கீது, கண்ணு அவிஞ்சா பூடுச்சு உங்களுக்கு? பொண்டாட்டி தாலின்னு கூவனானே ஒருத்தன், அவன் எங்க? அவன் பொண்டாட்டி எங்க?"

எல்லாரும் தேடினார்கள். விபூதிக்காரன் இல்லை. எப்போதோ போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். யாரும் ஓடவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த பல்லக்கு வந்தது. அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பி, அடித்த கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் காலியாகிவிட்டது. நானும் அவரும் பூக்காரியும்தான் மிச்சம். பாவிகளா என்று மண்ணை வாரித் தூற்றினேன். யார் மேல் விழுந்ததோ.

ஒரு ஜட்கா வண்டிக்கார பாய் கூட்டத்தில் வண்டியை ஓரம்கட்டி நின்றிருந்தார். அவர்தான் இறங்கி வந்து, தன் துண்டை விரித்து, "புடிம்மா, தலைய நீ புடி" என்று தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க என் வீட்டுக்காரர் கை மூடியபடியே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பிறகுதான் என் கைக்குள் வைத்துத் திறந்தார். விரல்கள் நேராக இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு போனது போகட்டும், உள்ளே அடிபட்டிருக்கிறது, அதுதான் பயம் என்றார். இடது விலாவுக்குக் கீழே கை வைத்துக் காட்டினார். போலீஸ்காரர் வந்து, அடித்தது யார் என்றார். யாரைச் சொல்வது? ஊர் என்று சொன்னேன். ஊர் மேலே எப்படியம்மா வழக்குப் போடுவது என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான், நீ ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்றும் கேட்டார்.

சேதி கேட்டு அக்கா ஓடி வந்தாள். என் மொட்டைக் கழுத்தைப் பார்த்து, "மொதல்ல ஒரு மஞ்சக் கயிறு கட்டும்மா, கட்டினவரு படுத்துக் கெடக்கச்சொல்ல இப்டி நிக்காத" என்று போய்க் கயிறும் மஞ்சளும் வாங்கி வந்தாள். தாலியைக் கோர்த்தாள். அவளையே கட்டச் சொன்னேன். படுக்கையிலிருந்து அவர், "நான்" என்றார்.

குனிந்து கழுத்தைக் கொடுத்தேன். வலது கை துணியில் கட்டிக் கிடந்தது. இடது கையால் ஒரு முனை, பல்லால் ஒரு முனை. ஒரு முடிச்சு போடுவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் முறைக்கு அக்கா போட்டாள். போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கதியைப் பார்க்கப் பொறுக்காமல் திரும்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க யாருன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவரைக் கேட்டேன். ஊர் என்னைக் கேட்டதை நான் அவரைக் கேட்டேன்.

"சொன்னேன் புள்ள. யாருக்குக் கேட்டுச்சு?" என்றார்.

அண்ணன் தினம் வந்தார். வேலைக்குப் போகாமல் வந்தார். கால்மாட்டில் நின்றுகொண்டு காலைப் பிடித்துவிடுவார், தலைமாட்டுக்கு வரமாட்டார். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். கஞ்சி கொண்டு வருவார், பீங்கானைக் கழுவுவார், ஒரு தரம் என் வீட்டுக்காரர் எடுத்த வாந்தியைக்கூடக் கையில் ஏந்தினார். கூடப் பிறந்தவன் இப்படிச் செய்வானா என்று நான் அவரைக் கும்பிட்டேன். கும்பிடாதே தங்கச்சி என்று கையைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

பிழைத்துவிடுவார் என்றுதான் இருந்தேன். கஞ்சி இறங்கியது, இரண்டு வார்த்தை பேசினார், மரவாடியில் தன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டிருப்பார்களோ என்று கவலைப்பட்டார். அப்புறம் வயிறு வீங்கியது. முகம் வெளுத்தது. ஒரு விடிகாலையில், நான் முகம் துடைக்கத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் போய்விட்டார். யார் வேண்டுமென்று கடல் தாண்டி வந்தேனோ அந்த ஒரே ஆள்.

கொள்ளி போட ஆள் இல்லை. அவர் வீட்டாருக்குத் தந்தி கொடுத்தோம், பதில் இல்லை. ஸ்டோர் ஆம்பிளைகள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "நான் வேணாம், நான் வேணாம்" என்றார். பிள்ளையில்லாதவர், பயப்படுகிறார் என்று நினைத்து நானே போய் அவர் காலைப் பிடித்தேன். "நீங்கதான் அண்ணே எங்களுக்கு. நீங்க போடலேன்னா அநாதைப் பிணமாப் போயிடும்" என்றேன். என்னைப் பார்த்தார். மொட்டையடித்துக்கொண்டு கொள்ளிச் சட்டியைத் தூக்கினார்.

பத்தாம் நாள் பெண்கள் வந்து என் கழுத்திலிருந்ததை எடுத்தார்கள். அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், முற்றம் ஓய்ந்த ஒரு சாயங்காலம் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். மொட்டைத் தலையில் முள் முள்ளாக மயிர் முளைத்திருந்தது. அவருக்குப் பின்னால் கிணற்றடியில் அக்கா நின்றிருந்தாள்.

"தங்கச்சி, நானும் ஒண்ணு போட்டேன்" என்றார்.

என்ன போட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு, அறுபத்துமூவர் அன்னிக்கு. திருடன்னு சத்தம் கேட்டுது. நாங்க நாலஞ்சு பேரு ஓடினோம். முதுகுதான் தெரிஞ்சுது தங்கச்சி. கைலிதான் தெரிஞ்சுது. மூஞ்சி தெரியல. எல்லாரும் போட்டானுங்க, நானும் ஒண்ணு போட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். போட்டுட்டு சாமி பாக்கப் பூட்டேன். வூட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும்."

எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் வரவில்லை. "எந்த இடத்துல அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் தன் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தார். எடுக்கவில்லை, வைத்தபடியே நின்றார். டாக்டர் எனக்குக் காட்டின இடம் அது. அந்த இடத்தில் எத்தனை பேர் கை பட்டதோ, யார் கண்டது. ஆனால் மற்ற எவனும் வந்து என் வாசலில் நின்று சொல்லவில்லை. இவர் ஒருத்தர்தான் சொன்னார். அதனால் நூறு பேருக்குச் சேர வேண்டியது இவர் ஒருத்தருக்கே கிடைத்தது. கட்டையில் போறவனே என்றேன். நாசமாப் போறவனே, உன் கை அழுகிப் போகாதா, கொன்ற கையாலேயே கொள்ளியும் வைத்தாயே என்றேன். என் வாயில் வராத வார்த்தை இல்லை. ஸ்டோர் முழுக்க வெளியே வந்து நின்று கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, நான் ஓய்கிற வரைக்கும் நின்று வாங்கிக்கொண்டார்.

அக்காவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அன்னிக்கே தெரியும்மா" என்றாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று இருந்தது. எந்த ஊருக்கு? ரங்கூனில் யார் இருக்கிறார்கள், இங்கே யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். என்னைத் தெரிந்த மனுஷர்கள் என்று இந்தப் பூமியில் மிச்சமிருந்தது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த இரண்டு பேர்தான். அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அந்தப் பக்கமும் யாரோ அழுதார்கள்.

விடிந்ததும் கதவைத் திறந்தேன். அக்கா தனக்கு இறைக்கும்போதே எனக்கும் சேர்த்து ஒரு குடம் இறைத்து என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். எட்டி உதைக்கத்தான் கிட்டே போனேன். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.